மிஸஸ் வில்லியம்ஸிடம் முதலில் சொல்ல வேண்டியது

போன மாதம் மையத்துக்கு ஒரு எட்டு போயிருந்தேன். வேலையிலிருந்து நின்ற பிறகு அதுதான் முதல் தடவை. வகுப்பறையில் என் நாற்காலி கிடந்த இடத்தில் ஒரு பெரிய திரை நின்றது. அதில் ஒரு வெள்ளைக்கார அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். நிஜ ஆள் இல்லையாம், கம்ப்யூட்டர் செய்து வைத்த ஆளாம். பிள்ளைகள் இங்கிலீஷில் பேச, அவளும் இங்கிலீஷில் பதில் சொன்னாள். கெட்ட செய்தியைச் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒங்க வேலையத்தான்க்கா இப்ப இது பாக்குது" என்றாள் ஒரு பிள்ளை.

"ஆனா இதுக்கு டீ போடத் தெரியாது" என்றாள் இன்னொருத்தி.

நீங்கள் உட்கார்ந்த காலத்தில் எப்படி இருந்தது என்று எழுதிக் கொடுங்கள், மையத்தின் மலரில் போடுகிறோம் என்று கேட்டார்கள். நான் அஞ்சாவது வரை படித்தவள். பிழை இருந்தால் திருத்திக்கொள்வதாகச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கக் கூசுகிறவள் நான். எழுதுவது எவ்வளவோ மேல். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

மையம் பசுமலையில் ஒரு கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. நர்ஸ் படிப்பு முடித்து வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்கள் இங்கிலீஷ் பரீட்சை ஒன்று எழுத வேண்டும். அதற்குத் தயார் செய்கிற இடம் அது. கூட்டுவது, துடைப்பது, டீ போடுவது என் வேலை. முதல் இரண்டு வருடம் அதோடு சரி.

நடத்தியவர் சாரதா மேடம். மதுரையில் பல தலைமுறையாக இருக்கும் நெசவுக் குடும்பம், முன்னோர்கள் குஜராத் பக்கத்திலிருந்து வந்தவர்கள். போனில் அவர் அம்மாவிடம் பேசுவது ஒரு பாஷை, என்னிடம் தமிழ், வகுப்பில் இங்கிலீஷ். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் ரொம்ப வருடம் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பியவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் பேனாவை மூடி மேசைமேல் வைப்பார். அப்புறம், "மறுபடி கதவுக்கு வெளிய போங்க" என்பார். அவ்வளவுதான். அந்தப் பேனா மூடுகிற சத்தத்துக்கு நடுங்காத பிள்ளை கிடையாது.

பரீட்சையில் ஒரு பகுதிக்கு நோயாளி வேண்டும். கையில் ஒரு அட்டை கொடுப்பார்கள். அதில் நோயாளி யார், என்ன சங்கடம் என்று இருக்கும். மூன்று நிமிஷம் படித்துக்கொண்டு, பிறகு அஞ்சு நிமிஷம் அந்த நோயாளியிடம் நர்ஸாகப் பேச வேண்டும். வகுப்பில் பிள்ளைகள் ஒருத்தருக்கொருத்தர் நோயாளியாக உட்கார்ந்து பழகினார்கள். சரிப்படவில்லை. ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி சிரித்துவிடுவாள். ஒருநாள் நான் டீ டம்ளர்களை எடுக்கப் போனபோது மேடம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒச்சம்மாக்கா, அந்தச் சேர்ல கொஞ்சம் ஒக்காருங்க."

"நானா? எனக்கு என்னத்த தெரியும் மேடம்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். வயசானவங்க மொகம் வேணும். நம்ம பிள்ளைங்க பெரியவங்க முன்னாடிதான் தடுமாறுறாங்க."

உட்கார்ந்தேன். இருபது ஜோடிக் கண்கள் என்மேல். வேர்த்துக் கொட்டிவிட்டது. சாப்பிடும்போதுகூடச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருகிறவளை நடுவில் உட்கார்த்தி வைத்தால் எப்படி இருக்கும்? அன்றைக்கு ஓடிவிடலாமா என்றுதான் இருந்தது. ஆனால் மறுநாளும் உட்கார்ந்தேன். அப்படியே பத்து வருடம் உட்கார்ந்தேன்.

நோயாளி சொல்ல வேண்டியதை மேடம் சொல்லிக் கொடுப்பார். காலண்டர் தாளின் பின்பக்கம் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து, பாத்திரம் கழுவும்போது மனப்பாடம் செய்வேன். சர்க்கரை நோய் அட்டை ஒன்று, சிகரெட்டை விடச் சொல்லும் அட்டை ஒன்று, பால் கொடுக்கும் தாய்க்கு ஒன்று. என் பேர் அதிகமும் மிஸஸ் வில்லியம்ஸ். மார்கரெட் வில்லியம்ஸ். பிள்ளைகள் படிக்கட்டில் என்னைப் பார்த்தால், "வில்லியம்ஸக்கா, டீ ஆச்சா?" என்பார்கள்.

முறை இப்படி. கதவைத் தட்ட வேண்டும். தன் பேரைச் சொல்ல வேண்டும். உங்களை எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்க வேண்டும். உட்காரலாமா என்று கேட்டுவிட்டு, என் கண் மட்டத்துக்கு உட்கார வேண்டும். தொடுவதானால் கேட்டுவிட்டுத் தொட வேண்டும். தப்பு செய்தால் மேடம் மணியைத் தட்டுவார். கடைக்காரர்கள் மேசையில் வைத்திருப்பார்களே, மேலே தட்டினால் டிங் என்னும், அந்த மணி. எனக்குப் பக்கத்துச் சின்ன மேசையில்தான் அது இருக்கும்.

மார்கரெட் என்று கூப்பிடுங்கள் என்று நான் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளைக்கும் அது வாயில் வராது. தன்னைவிட முப்பது வயது மூத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதா? "மார்கரெட் அம்மா" என்பாள் ஒருத்தி. டிங். "மார்கரெட் மேடம்" என்பாள் அடுத்தவள். டிங். நான் அழுகிற மாதிரி முகத்தை வைத்தால் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொள்வார்கள். டிங். "ஒண்ணும் ஆகாது, கவலப்படாதீங்க" என்பதை இங்கிலீஷில் சொல்வார்கள். அதற்குத்தான் மேடம் பலமாகத் தட்டுவார்.

"ஆகாதுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாதத சொல்லக்கூடாது. அங்க அத பொய்ன்னு எழுதிருவாங்க."

எல்லாவற்றையும்விட அதிக மணி வாங்கியது ஒரு கேள்வி. நம் ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டரானாலும் நர்ஸானாலும் வாயைத் திறந்ததும் கேட்பது, "கூட யாரு வந்திருக்கா?" எங்கள் பிள்ளைகளுக்கு அது ரத்தத்தில் ஊறியது. இங்கிலீஷிலும் அதையே கேட்பார்கள். கேட்டுவிட்டு, எனக்குப் பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி வெறும் இடத்தைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார்கள். மாத்திரை வேளையைக்கூட அந்த வெற்றிடத்துக்குத்தான் சொல்வார்கள். நான் நாற்காலியில் பொம்மை மாதிரி இருப்பேன்.

"அங்க யாரு நிக்கிறா? பேயா?" என்பார் மேடம். "நோயாளி இங்க இருக்காங்க."

அந்தப் பேச்செல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒருநாள் ஒரு அட்டைக்கு அர்த்தம் கேட்கும்வரை. அதில் நர்ஸ் என் முன்னால் உட்கார்ந்து, மெதுவாக ஏதோ சொல்வாள். சொல்லிவிட்டு மனதுக்குள் அஞ்சு எண்ணும்வரை பேசாமல் இருப்பாள். பிறகு நான், "டஸ் மை ஃபேமிலி நோ?" என்று கேட்க வேண்டும். அவள், "நோ, மிஸஸ் வில்லியம்ஸ். யூ ஆர் த ஃபர்ஸ்ட்" என்பாள். மாதக் கணக்கில் இதைக் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் டீ கொடுக்கும்போது மேடத்திடம் கேட்டேன்.

"அந்தப் பிள்ள அப்பிடி என்னதான் மேடம் சொல்றா?"

"ஒங்களுக்குக் குடல்ல கேன்சர்னு சொல்றா. நீங்க, என் வீட்டுல இருக்கவங்களுக்குத் தெரியுமான்னு கேக்குறீங்க. இல்ல, ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்றோம்னு அவ சொல்றா."

"மொகத்துக்கு நேராவா?"

"நேராத்தான். ஒடம்பு அவங்களது. அவங்களுக்கு முந்தி மகன்கிட்ட சொன்னா நர்ஸுக்கு வேல போயிரும்."

"கேட்ட மாத்திரத்துல உசுரு போயிருமே மேடம். அந்த ஊருல மனுசங்களுக்கு நெஞ்சு கல்லா?"

மேடம் சிரிக்கவில்லை. "நானும் போன புதுசுல இததான்க்கா கேட்டேன்" என்றார்.

அன்றைக்கு பஸ்ஸில் வீடு வரைக்கும் என் அக்கா நினைவுதான். எனக்கு ஒரு அக்கா இருந்தாள். உசிலம்பட்டிக்கு மேற்கே வானம் பார்த்த பூமியில் வாழ்க்கைப்பட்டவள். வயிற்றில் அந்த நோய் வந்தது. டாக்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அவளிடம் வாயுக் கட்டி என்று சொன்னது நான். ஒருநாள் என் கையைப் பிடித்து, "நெசமாச் சொல்லுத்தா" என்றாள். "வாயுதான்க்கா, சரியாப்போகும்" என்றேன். அடுத்த மழைக்கு விதைக்க எள் எடுத்து வைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மழைக்கு முந்தியே போய்விட்டாள். அவளைக் கலங்காமல் அனுப்பி வைத்தோம் என்று அன்றைக்கு எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அதன் பிறகும் அந்த அட்டைக்கு நான் உட்கார்ந்தேன். எத்தனை நூறு தடவை எனக்கு அந்தச் செய்தி சொல்லப்பட்டது என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் முகம் தானாகவே மாறும். "அக்கா நடிப்பு பிரமாதம்" என்பார்கள். நடிப்பே இல்லை அது.

கடைசி வருடம் வந்தவள் பாண்டிச்செல்வி. என்னைப் போலவே உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை. டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே, ஷிஃப்ட் முடித்து வகுப்புக்கு வருவாள். பரீட்சையில் இரண்டு தடவை தோற்றவள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று வேலைக்குக் கடிதம் அனுப்பியிருந்தது, இந்த மூன்றாவது தடவையும் போனால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இதுதான் கடைசி என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில் என் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி ஏதும் இல்லை. கூச்சத்தில் ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை. மருமகள் கண்டுபிடித்து மகனிடம் சொல்லிவிட்டாள். என் மகன் தவசி கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஊசி போட்டுக் கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்துப் போனோம். டாக்டர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கூட யாரு வந்திருக்கா?"

"மகன் வந்திருக்கான் சார்" என்றேன். சொன்னதோடு, யாரும் சொல்லாமலே நானாக எழுந்து வெளியே போனேன். தவசி உள்ளே போனான். நான் பெஞ்சில் உட்கார்ந்து பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். பத்து வருடம் மிஸஸ் வில்லியம்ஸாக இருந்தவள். ஒரு சந்தேகம்கூட வரவில்லை.

வெளியே வந்த தவசி, "கொழுப்புக் கட்டிம்மா. லேசா ஒரு ஆபரேசன் பண்ணி எடுத்துரலாங்கிறாங்க" என்றான்.

"கொழுப்புக்குப் போயி கத்தியா? தை முடியட்டும். பாப்போம்."

தை முடிந்தது. வகுப்பில் பரீட்சை நெருங்குகிறது, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக முடியாது என்றேன். தவசி தினமும் கேட்பான். நான் தினமும் தள்ளுவேன். அவன் எழுந்து வாசலுக்குப் போய் நிற்பான்.

வகுப்பில் பாண்டிச்செல்வி எல்லா அட்டையும் நன்றாகச் செய்தாள். குடல் அட்டை ஒன்றுதான் வரவில்லை. அதிலும் வேறு பிள்ளை நோயாளியாக உட்கார்ந்தால் சொல்லிவிடுவாள். நான் உட்கார்ந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். தட்டுவாள், வருவாள், உட்காருவாள், "மிஸஸ் வில்லியம்ஸ்..." என்பாள். அதோடு தரையைப் பார்த்துவிடுவாள். டிங்.

"பாண்டி, அக்கா கடிச்சா வச்சிருவாங்க?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"ஊர்க்காரிகன்னா இப்பிடித்தான். பாசம் பொத்துக்கிட்டு வருது" என்றாள் இன்னொருத்தி.

மேடம் பேனாவை மூடினார். "மறுபடி கதவுக்கு வெளிய போங்க."

ஒரே நாளில் ஏழு தடவை போனாள். ஏழு தடவையும் அதே இடத்தில் நின்றாள். எனக்கே கோபம் வந்தது. இம்புட்டுத் தூரம் வந்துவிட்டு ஒரு வாக்கியத்தில் தோற்பாளா என்று.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டிபன் டப்பா கழுவ வந்தவள் குழாயடியில் என் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, ஆபரேசனுக்கு என்னைக்குப் போறீங்க?"

"ஒனக்கு யாரு சொன்னா?"

"அங்கதானக்கா நான் வேல பாக்குறேன். ஒங்கள அன்னிக்குப் பெஞ்சுல பாத்தேன்."

"ஒன் பரீட்ச முடியட்டும், பங்குனிக்கு மேல பாத்துக்கலாம். கொழுப்புக் கட்டிதான, எங்க போயிரப் போகுது?"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் டப்பாவைக் கழுவவே இல்லை.

சாயங்கால வகுப்பில் அவள் முறை வந்தது. அதே அட்டை. வெளியே போனாள். கதவைத் தட்டினாள். உட்காரலாமா என்று கேட்டாள். நாற்காலியை இழுத்து, என் கண் மட்டத்துக்கு உட்கார்ந்தாள். இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை.

"மிஸஸ் ஒச்சம்மா" என்றாள்.

மேடத்தின் கை மணிக்கு வந்தது. தட்டாமல் நின்றது. பேர் மாறிவிட்டதே என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவள் நிறுத்தவில்லை. உங்கள் டெஸ்ட் ரிசல்ட் வந்துவிட்டது, நல்ல செய்தி இல்லை என்று இங்கிலீஷில் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். அடுத்து அட்டையில் இருப்பது குடல். அவள் சொன்னது இடது மார்பு. மார்புக்கு இங்கிலீஷில் என்ன என்று பால் கொடுக்கிற அட்டையிலிருந்து எனக்குத் தெரியும். லெஃப்ட் தெரியும். கேன்சர் தெரியும்.

சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாள். அவள் உதடு அஞ்சு எண்ணுவதைப் பார்த்தேன். யாரோ ஒரு பிள்ளை, "பாண்டி, அது குடல்டி" என்று முணுமுணுத்தாள்.

எனக்குக் காதில் ஒரு இரைச்சல். ஆனால் அஞ்சு எண்ணி முடித்ததும் வாய் பழக்கத்தில் தானாகத் திறந்தது.

"டஸ் மை ஃபேமிலி நோ?"

இல்லை, உங்களிடம்தான் முதலில் சொல்கிறோம் என்று அவள் சொல்ல வேண்டும். அதுதான் பாடம். அவளால் முடியவில்லை. தமிழில் சொன்னாள்.

"தெரியும்க்கா. தவசிண்ணனுக்குத் தெரியும். ஒங்க மருமகளுக்குத் தெரியும். ஒங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்குனாரு. நீங்க கொழுப்புங்கிறீங்க, பங்குனிங்கிறீங்க. இதுக்கு மேல தள்ளக்கூடாதுக்கா. அதான் சொன்னேன்."

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். சாரதா மேடம் எழுந்து ஓடிவந்தார். கேட்கவில்லை, கொள்ளவில்லை, என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணும் ஆகாதுக்கா. ஒண்ணும் ஆகாது. கவலப்படாதீங்க" என்றார். ஏதேதோ சொன்னார், பாதி அவர் வீட்டுப் பாஷையில்.

நான் கையை நீட்டி மணியைத் தட்டினேன்.

யாரும் சிரிக்கவில்லை. மேடம் பிடியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலி இழுத்து எதிரே உட்கார்ந்தார், கண் மட்டத்துக்கு. "எனக்குத் தெரியலக்கா என்ன ஆகும்னு" என்றார். அந்த வார்த்தையில்தான் எனக்கு மூச்சு வந்தது.

பாண்டிச்செல்வியைப் பார்த்து, "ஆஸ்பத்திரி விஷயத்த வகுப்புல வச்சு சொன்னது தப்பு. அங்கன்னா ஒனக்கு வேல போயிருக்கும்" என்றார்.

"அங்கன்னா மொதல்லயே அக்காகிட்டதான் சொல்லியிருப்பாங்க மேடம்."

மேடம் பேனாவைக் கையில் எடுத்தார். மூடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது தவசி வேலையிலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். ஸ்டூலை இழுத்து அவன் எதிரே போட்டு உட்கார்ந்தேன். அப்படி நான் அவன் எதிரில் உட்கார்ந்ததே கிடையாது.

"எனக்கு என்ன நோய்னு சொல்லு."

"கொழுப்புக் கட்டிம்மா. எத்தன தடவ சொல்றது?"

நான் பேசாமல் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலுக்கு முந்தியே அவன் முகம் உடைந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தான்.

"பெரியம்மாவுக்கு நீயும் இப்பிடித்தானம்மா சொன்ன. வாயுக் கட்டின்னு. நான் பக்கத்துலதான நின்னேன்."

வகுப்பில் கேட்டதைவிட இது என்னை அதிகமாக அடித்தது. அப்போது அவன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். அம்மா பொய் சொல்லி அக்காளைக் காப்பாற்றுகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அக்காள் என் கையைப் பிடித்தது எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. எள்ளைப் பற்றிப் பேசுவதற்கு இல்லை. அவளுக்கு வேறு ஏதோ சொல்ல இருந்திருக்கிறது. நான் சொல்ல விடவில்லை.

பாண்டிச்செல்வி அந்தப் பரீட்சையில் தேறிவிட்டாள். போவதற்கு முன் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "கேக்காம தொடுற" என்றேன். சிரித்துக்கொண்டே அழுதாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிடுகிறாள். அங்கே வார்டில் ஒரு நிஜ மிஸஸ் வில்லியம்ஸ் இருக்கிறாளாம், ஒரு வாய் நல்ல டீ கிடைக்காமல் சாகிறாளாம்.

முகத்துக்கு நேராகச் சொல்வதுதான் சரி என்று இப்போதும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. சொன்ன அன்றைக்கு என் உயிர் பாதி போனது நிஜம். ஆனால் மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று நான்தான் முடிவு பண்ணினேன்.

தவசியிடம் கேட்ட அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே டாக்டர். தாளைப் பார்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"கூட யாரு வந்திருக்கா?"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னேன்.

"நான்தான் வந்திருக்கேன் சார். எங்கிட்ட சொல்லுங்க."

டாக்டர் நிமிர்ந்தார். தவசி நாற்காலியை விட்டு எழுந்தான், வெளியே போவதற்கு.

"நீயும் இரு" என்றேன்.